மண்டபத்து ஷட்டரும் டொராண்டோ பட்டியலும்

கேள்வி: மண்டபத்தில் தென்கடலைப் பார்த்த வீடு எங்களுடையது. கரை கூப்பிடு தூரம்தான். கார் ஷெட்டுக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஷட்டர் போட்டு நாலு வருஷம்கூட முடியவில்லை. அதற்குள் கீழ்ப் பட்டைகள் பொத்தலாகிவிட்டன. தூக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது. டொராண்டோவில் இருக்கும் தம்பி, குளிர்காலம் வருமுன் அங்கே கராஜ் கதவுக்குச் செய்யும் வேலைகளைப் பட்டியல் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். பனி கொட்டும் ஊர்ப் பராமரிப்பு நமக்கு ஆகுமா?

பதில்: பாதிக்கு மேல் ஆகும். தம்பி அனுப்பியதில் கடைசி வரியை முதல் வரியாக்கிக்கொள்ளுங்கள்: ‘கதவின் அடியில் படியும் உப்பைக் கழுவு.’ டொராண்டோவுக்கு உப்பு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டாம். பனிக்காலத்தில் ரோட்டில் ஐஸ் உருகுவதற்கு அங்கே உப்பைத்தான் தூவுகிறார்கள். அது சகதியோடு சேர்ந்து டயரிலும் காரின் அடியிலும் ஒட்டி கராஜுக்குள் வந்து, உருகி, கதவின் காலடியில் தேங்குகிறது. அவர்களுக்குக் காரில் வருவது நமக்குக் காற்றில் வருகிறது. இரண்டும் ஒரே சோடியம் குளோரைடுதான்.

உப்பு சும்மா படிந்து கிடந்தால் பரவாயில்லை. அது ஈரத்தை இழுக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினாலே சாதாரண உப்பு கசிந்து தண்ணீராகிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். ஆக, கடலோரத்து ஷட்டர் முழுசாகக் காய்வதே இல்லை. விடிகாலையில் ஷட்டர் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டும். தகரத்தின் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு, இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து கொஞ்சகாலம் காப்பாற்றும். அது தீர்ந்த இடத்தில் இரும்பு வெளியே வந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிமுகத்தின் நடுப்பகுதி உங்கள் ஷட்டரில் இன்னும் ஓரளவு நன்றாகத்தான் இருக்கும். அரித்துப்போனது பட்டைகள் ஏறி இறங்கும் பக்கச் சேனலின் உள்பக்கம், மேலே ஷட்டர் சுருளும் பெட்டி, தரையைத் தொடும் அடிச்சட்டம், இந்த மூன்றும்தான். மழை நேரே படாத இடங்கள் இவை. மழை பட்டால் துரு பிடிக்கும் என்று நினைத்துச் சன்ஷேடை இன்னும் நீட்டிப் போடுகிறவர்கள் இங்கே உண்டு. கடலோரத்தில் மழைதான் இலவசமாகக் கழுவிவிடும் ஆள். அந்த ஆளும் நம் மாவட்டத்துக்குப் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறார். மற்ற மாசங்களில் நாமே கழுவ வேண்டும்.

எந்தத் தண்ணீரில் கழுவுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். வீட்டு போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர் என்றால், அதைப் பீய்ச்சி அடிப்பது உப்பை உப்பால் கழுவுவது. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடக்கிற ஊரில் ஷட்டர் குளிக்கவா தண்ணீர் என்று வீட்டில் சண்டை வரும், தெரியும். ஒரு குடம் போதும். ஹோஸ் வேண்டாம். வாளியில் ஊற்றி, பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, பட்டை பட்டையாக மேலிருந்து கீழே துடையுங்கள். துணியை வாளியிலேயே திரும்ப முக்காமல், தனி மக்கில் அலசிக்கொண்டால் தண்ணீர் கடைசிவரை சுத்தமாக இருக்கும். பக்கச் சேனலுக்குள் துணி போகாது. பெயிண்ட் பிரஷ்ஷை நனைத்து மேலிருந்து இழுங்கள். முதல் தடவை கைப்பிடி மணல் கொட்டும். தூக்க இரண்டு ஆள் வேண்டியிருப்பதற்குப் பாதிக் காரணம் அந்த மணலாக இருக்கலாம்.

உங்கள் வீடு தென்கடலைப் பார்த்தது என்பதால் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் ஆனியிலிருந்து புரட்டாசிவரை பதினைந்து நாளுக்கு ஒரு தடவை இதைச் செய்யுங்கள். வடகடல் பக்கத்துக்காரர்களுக்கு வாடை மாசங்களில் இதே கணக்கு. மற்ற நாட்களில் மாசத்துக்கு ஒரு தடவை போதும்.

அப்புறம்தான் எண்ணெய். கீழக்கரையில் ஒரு வீட்டு ஷட்டரைக் கழற்றினேன். வீட்டுக்காரர் அக்கறையானவர், வருஷம் தவறாமல் வண்டியில் மாற்றிய கழிவு ஆயிலைச் சேனலில் ஊற்றிவந்திருக்கிறார். உள்ளே விரலை விட்டால் கறுப்பு அல்வா போல ஒன்று வந்தது. ஆயில், மணல், துரு மூன்றும் குழைந்து இறுகியிருந்தன. ஷட்டர் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் குழம்பு எமரித்தாள் மாதிரி தேய்த்து, பட்டைகளின் ஓரத்தைப் பிளேடாக்கிவிட்டது.

தம்பியின் பட்டியலில் கெட்டிக் கிரீஸ் வேண்டாம், சிலிக்கான் ஸ்பிரே அடி என்று இருக்குமே, அதற்கு அங்கே காரணம் குளிர்: கிரீஸ் உறைந்து இறுகிக் கதவை நகரவிடாது. இங்கே காரணம் மணல். வைத்தியம் ஒன்றுதான். கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு சேனலில் சிலிக்கான் ஸ்பிரேயை மெல்லிசாக அடியுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். டபிள்யூ.டி-40 இறுகிய ஆணியைக் கழற்ற நல்லது. மாசக்கணக்கில் வழுக்கித் தர அதை நம்ப முடியாது. பூட்டுத் துவாரத்தில் எண்ணெய் விடாமல், பென்சிலைச் சீவிக் கரித்தூளைச் சாவியில் தடவிப் போட்டுத் திருப்புங்கள். மேலே இருக்கும் ஸ்பிரிங்குக்கும் பேரிங்குக்கும் மட்டும் லித்தியம் கிரீஸ். அதை ஷட்டர்காரர் வரும்போது செய்யச் சொல்லுங்கள்.

ஏன் நீங்கள் செய்யக் கூடாது என்றால், அந்த ஸ்பிரிங் ஷட்டரின் எடையைத் தாங்க முறுக்கேற்றி வைக்கப்பட்டது. போல்ட்டைத் தெரியாமல் தளர்த்தினால் முறுக்கெல்லாம் ஒரே நொடியில் பிரியும். விரல் போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று அந்தப் பட்டியலிலேயே இருக்கும். கதவை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அடியில் காலோ குழந்தையோ இல்லை என்று பார்த்துவிட்டு, மெதுவாகக் கையை எடுங்கள். அப்படியே நின்றால் ஸ்பிரிங் சரி. தடதடவென்று இறங்கினாலோ தானாக மேலே ஓடினாலோ ஆளைக் கூப்பிடுங்கள். குளிரில் ஸ்பிரிங் உடைவது அங்கே சகஜம், இங்கே துரு தின்று உடையும்.

கீழ்ப் பட்டைகளுக்காக முழு ஷட்டரையும் மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பட்டைகள் ஒன்றோடொன்று கோத்தவை. கெட்ட நாலைந்தையும் அடிச்சட்டத்தையும் மட்டும் உருவி, புதுசு கோக்க முடியும். அதே அகலமும் வளைவும் உள்ள 18 கேஜ் கனத்து ஜி.ஐ. பட்டை கேளுங்கள். கைப்பிடி, தாழ்ப்பாள் எதுவானாலும் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துவிடும். அதன் மேல் சில்வர் பெயிண்டைத் தொட்டுவைத்துவிட்டுப் போவது நம்மூர் வழக்கம். முதல் துரு அங்கேதான் கிளம்பும். வெல்டிங் இடத்தைத் தேய்த்து, துத்தநாகம் நிறைந்த பிரைமர் அடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

பெயிண்ட் விஷயத்திலும் அவசரம் வேண்டாம். சாதா எனாமல் துத்தநாகத்தில் பிடிக்காமல் செதில் செதிலாக உரியும். ஜி.ஐ.க்கென்று விற்கும் எட்ச் பிரைமர், அதன் மேல் எபாக்ஸி, கடைசியாக பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் என்று போங்கள். எமரி போட்டுத் தேய்த்த கையோடு அடிக்காதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து அன்றைக்கே அடியுங்கள். உப்பின் மேல் பெயிண்ட் அடித்தால் கொஞ்ச மாசத்தில் அம்மை போட்ட மாதிரி கொப்புளம் வரும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் துருவால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சு. நம் காற்றுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது.

பட்டியலில் மிச்சம் இருப்பது ரப்பர் தரையோடு உறைந்து ஒட்டாமல் பார்ப்பது, குளிர் தடுக்கும் அட்டை ஒட்டுவது. இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அட்டையை ஒட்டினால் அதன் பின்னால் ஈரமும் உப்பும் தங்கும். ஷட்டர் அடியில் ரப்பர் இருந்தால் அதுவும் வெயிலில் வெடித்திருக்கும். கீழ்ப் பட்டைகளை மாற்றும் அன்றைக்கே அதையும் மாற்றிவிடுங்கள்.