டிப்ளோ முதல் பைலா வரை: கேட்டவர்களுக்குப் பதில்

திருகோணமலையில் கல்யாணவீடுகளுக்கும் உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல்களுக்கும் டீஜே செய்கிறேன். பல நாட்டுத் தாளங்களைக் கலந்து பெயரெடுத்த அமெரிக்க டீஜே டிப்ளோவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அண்ணா, அவர் எங்கே தொடங்கினார்? (நிலாவெளி)

தாமஸ் வெஸ்லி பென்ட்ஸ் என்பது இயற்பெயர். 1978இல் மிசிசிப்பியில் பிறந்து புளோரிடாவில் வளர்ந்தவர். பிலடெல்பியாவில் நண்பருடன் சேர்ந்து ஹாலர்ட்ரானிக்ஸ் என்ற பெயரில் பார்ட்டிகள் நடத்தினார். ராப், ஜமைக்காவின் டான்ஸ்ஹால், பழைய பாப் எல்லாம் அங்கே ஒரே இரவில் ஓடும். 2005இல் மேட் டீசன்ட் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கினார்.

எங்கட மாயாவோடு வேலை செய்தவர்தானே? (உட்துறைமுக வீதி)

ஓம், அவரேதான். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் ஈழத்தமிழ்ப் பாடகி மாயா அருள்பிரகாசத்தின் 2004ஆம் ஆண்டு மிக்ஸ்டேப்பை இருவரும் சேர்ந்துதான் செய்தார்கள். 2007இல் வந்த 'கலா' ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டிலும் டிப்ளோவின் கை இருக்கிறது. தி கிளாஷ் என்ற ஆங்கில ராக் குழுவின் பழைய பாட்டிலிருந்து எடுத்த கிட்டார் துண்டுதான் அதன் அடித்தளம். ஆனால் அதே ஆல்பத்தில் உறுமி முழங்கும் 'பாய்ஸ்' பாட்டு, மாயா சுவிட்ச் என்ற தயாரிப்பாளரோடு செய்தது. உறுமிக்காகச் சென்னைக்கே போனார்கள். பலர் இதையும் டிப்ளோ கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

மூம்பாட்டன் என்றால் என்ன? வேகத்தைக் குறைத்தால் புது இசை வந்துவிடுமா? (உப்புவெளி)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 2009இல் வாஷிங்டன் பக்கம் டேவ் நாடா என்ற டீஜே தன் உறவுப் பையனின் பார்ட்டிக்கு வாசிக்கப் போனார். பிள்ளைகள் ரெகேடோன் என்ற லத்தீன் அமெரிக்க ஆட்ட இசையைக் கேட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் இருந்ததோ டச்சு ஹவுஸ் என்ற வேகமான மின்னணு ஆட்ட இசை. அதன் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 128 தாள அடி. அதை ரெகேடோனுக்குப் பக்கமாக 108க்கு இறக்கிப் போட்டார், கூட்டம் துள்ளியது. அப்படிப் பிறந்ததுதான் மூம்பாட்டன். அதை அடுத்த ஆண்டே டிப்ளோவின் மேட் டீசன்ட் வெளியிட்டது.

நீங்களும் செய்து பாருங்கள். கண்ட்ரோலரில், வேகம் மாறினாலும் சுருதியை மாறவிடாத கீ லாக்கை அணைத்துவிட்டு 128ஐ 108க்குக் கொண்டுவாருங்கள். சுருதி கிட்டத்தட்ட மூன்று அரைச்சுரம் கீழே இறங்கும், பேஸ் கனமாகும். வேகம் குறைந்தும் ஆட்டம் குறையாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எல்லாப் பாட்டுக்கும் இது சரிவராது. குரல் உள்ள பாட்டில் பாடுகிறவர் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் ஆகிவிடும்.

மற்றவர்களின் தாளத்தை எடுத்துக் காசு பார்க்கிறார் என்கிறார்களே? (கிண்ணியா)

அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. டிப்ளோ தயாரித்த மாயாவின் 'பக்கி டன் கன்' பிரேசில் பாடகி டெய்ஸி டிக்ரோனாவின் பாட்டின்மேல் கட்டப்பட்டது. உலகம் கேட்டது, ஆனால் அந்தப் பாடகியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைவிட, டிப்ளோ சுவிட்சோடு தொடங்கிய மேஜர் லேசர் குழு எனக்கு நல்ல வழியாகப் படுகிறது. 2009இல் வந்த முதல் ஆல்பத்தை ஜமைக்காவிலேயே, அங்கத்தைய பாடகர்களோடு பதிவு செய்தார்கள். சுவிட்ச் விலகிய பிறகு வால்ஷி ஃபயர், டிரினிடாட்காரரான ஜில்லியனேர் இருவரும் குழுவில் சேர்ந்தார்கள். 2016 மார்ச்சில் ஹவானாவில் அவர்கள் இலவசமாக நடத்திய நிகழ்ச்சிக்கு இலட்சக்கணக்கில் சனம் திரண்டது.

பைலாவை ஹவுஸோடு கலக்கப் பார்க்கிறேன், தாளம் ஒட்டவே இல்லை. (மூதூர்)

தம்பி, எங்கட நாட்டு ஆட்டப்பாட்டான பைலா ஆறு அடித் தாளம், ஹவுஸ் நாலு அடி. ஆறை மூன்று மூன்றாகப் பிரித்தால் இரண்டு பெரிய அடி கிடைக்கும். கிக் என்ற கனமான டிரம் அடியை அந்தப் பெரிய அடிகளில் மட்டும் வையுங்கள். மென்பொருளில் கிரிட்டை டிரிப்லெட்டுக்கு, அதாவது ஒரு அடிக்குள் மூன்று என்று, மாற்றி, ஹை-ஹாட்டை ஒவ்வொரு பெரிய அடிக்கும் மூன்றாகப் போடுங்கள். இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இங்கேயும் மட்டக்களப்பிலும் இருக்கின்றன. பைலாவுக்கு உறவான அவர்களின் கஃப்ரிஞ்ஞா ஆட்டத்தை நேரில் ஒருமுறை பாருங்கள், அடி எங்கே விழுகிறது என்று காலைப் பார்த்தே பிடிபடும். பறைமேளமும் அப்படித்தான். இணையத்தில் இறக்கிய துண்டை வெட்டி ஒட்டாமல், மேளக்காரரைக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். பேசிய காசைக் கையில் கொடுங்கள், பாட்டில் அவர் பெயரையும் போடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

எந்த மென்பொருள்? (தம்பலகாமம்)

ஏபிள்டனோ எஃப்.எல். ஸ்டூடியோவோ, கையில் இருப்பது போதும்.

இங்கே இருந்துகொண்டு இதை வைத்துப் பிழைக்க முடியுமா? (சாம்பல்தீவு)

இதை மட்டும் நம்பினால் கஷ்டம். கடற்கரை வேலை மே முதல் செப்டெம்பர் வரைதான் நன்றாக ஓடும். அப்புறம் மழைக்காலம் வந்துவிடும். கல்யாணவீடு, பிறந்தநாள், சவுண்ட் செட் வாடகை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஆண்டை ஓட்ட வேண்டும். மழை மாதங்களில் சொந்த டிராக் செய்யுங்கள். சீசன் தொடங்கும்போது கையில் நாலு டிராக் இருந்தால், ஹோட்டல்காரர்களிடம் போட்டுக் காட்டி வேலை கேட்கலாம்.