மட்டைக்குத் தலைக்கனம் ஆகுமா?

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வாழைக்கு என்ன உரம், பட்டாவில் பெயர் மாற்றுவது எப்படி என்றுதான் கேள்வி வரும். இரண்டு இதழ்களுக்கு முன்னால், நான் காலையில் டென்னிஸ் ஆடுகிறவன் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதிலிருந்து டெல்டா முழுக்க மட்டைக் கேள்விகளாக வந்து குவிகின்றன, எனவே இந்த இதழ் அவற்றுக்கு மட்டும். ராக்கெட் என்று எழுதினால் தீபாவளி ஞாபகம் வந்துவிடும் என்பதால் மட்டை என்றே எழுதுகிறேன்.

மன்னார்குடி வாசகர்: வயது 41. ஆறு வருடமாக ஆடுகிறேன். தினமும் காலை ஒன்றரை மணி நேரம், பெரும்பாலும் டபுள்ஸ். ரேலியில் பத்துப் பந்து போகிறது, செகண்ட் சர்வும் உள்ளே விழுகிறது, ஆனால் அதற்கு மேல் ஒரு படி ஏற முடியவில்லை. கடையிலேயே நரம்பு கட்டி வந்த லேசான மட்டை வைத்திருக்கிறேன், அதை மாற்றலாமா? ஒரு நண்பர் தலைப்பரப்பு 100 சதுர அங்குலம், எடை 300 கிராம் உள்ளதை வாங்கு என்கிறார். இன்னொருவர், ஆடத் தெரிந்தவன் 98தான் வாங்குவான் என்கிறார். ஒரு மட்டையை எப்படி எடைபோடுவது?

எடைபோடுவது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதையே செய்யுங்கள். பழைய மட்டையை எடுத்துக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குப் போய் எலக்ட்ரானிக் தராசில் வையுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. ஏன் சொல்கிறேன் என்றால், விளம்பரத்தில் வரும் 300 கிராம் என்பது பெரும்பாலும் நரம்பு கட்டாத எடை. நரம்பு ஒரு 15 முதல் 18 கிராம், மேலே சுற்றும் ஓவர்கிரிப் 5 கிராம், நடுவில் செருகும் ரப்பர் 2 கிராம் என்று சேர்ந்து கைக்கு வரும்போது 320-ஐத் தாண்டிவிடும். உங்கள் பழைய மட்டையின் உண்மையான எடை தெரியாமல் புதியது கனமா லேசா என்று பேசுவதில் அர்த்தமில்லை. ஒரே மாடலில் இரண்டு மட்டைகளுக்கு நடுவிலேயே சில கிராம் வித்தியாசம் வரும் என்பதால், கடையிலும் இரண்டு மூன்றை எடுத்து நிறுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது பேலன்ஸ். ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்து, விளிம்பின் மேல் மட்டையைக் கிடத்தி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அந்தக் கோடு வரை எவ்வளவு என்று அளக்க வேண்டும். பெரியவர்கள் மட்டை 27 அங்குலம், அதாவது 68.5 சென்டிமீட்டர், அதில் பாதி 34.25. கோடு அதற்கு மேலே விழுந்தால் மட்டைக்குத் தலைக்கனம், கீழே விழுந்தால் கனம் கைப்பிடிப் பக்கம் இருக்கிறது. 250, 260 கிராம் மட்டைகளுக்குப் பெரும்பாலும் தலைக்கனம் உண்டு. மொத்த எடையைக் குறைத்துவிட்டார்கள், பந்தைத் தள்ள ஏதாவது வேண்டுமே, இருக்கிறதைத் தலையில் ஏற்றி வைத்துவிடுகிறார்கள். கடையில் தூக்கிப் பார்த்தால் பஞ்சு மாதிரி இருக்கும். வேகமான சர்வ் ஒன்று உடம்புக்கு நேரே வரும்போதும், வலைக்குப் பக்கத்தில் சட்டென்று மட்டையின் முகத்தைத் திருப்ப வேண்டியிருக்கும்போதும்தான் அதன் குணம் தெரியும். ஒன்று திரும்பாது, இல்லையென்றால் பந்து பட்டதும் கையில் முறுக்கிக்கொள்ளும். உங்களுக்கு மேலே ஏற முடியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

98-ஆ 100-ஆ என்ற சண்டையில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. பரப்பில் இரண்டு சதவீத வித்தியாசம், அவ்வளவுதான். ஆனால் 98 என்று வரும் மட்டைகளில் பல, உடம்பு மெலிந்து, கொஞ்சம் கனத்து, நேரம் தவறினால் மன்னிக்காத ரகம். ‘ஆடத் தெரிந்தவன்’ நண்பரிடம், ஃபெடரரே 2014-ல் 90-ஐ விட்டு 97-க்கு வந்தார் என்று ஞாபகப்படுத்துங்கள். நானும் ஒரு காலத்தில் அந்த ஆசையில் விழுந்தவன். நரம்பு நெடுக்கே 18, குறுக்கே 20, அதாவது 18-க்கு 20 என்று நெருக்கமாகப் பின்னிய, கையில் 340 கிராம் வரும் ஒரு மட்டையை வாங்கினேன். முதல் அரை மணி நேரம் ராஜாதான், என்ன ஒரு சத்தம், என்ன ஒரு நிதானம். இரண்டாவது செட்டில் பேக்ஹேண்ட் எல்லாம் பந்து தாண்டிப் போன பிறகு வந்து சேர்ந்தது. மூன்று மாதம் பிடிவாதமாக ஆடிவிட்டு, ஒரு கல்லூரிப் பையனுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன். இப்போது அதை வைத்துக்கொண்டு அவன் என்னையே அடிக்கிறான்.

ஆகவே மட்டையைச் சோதிக்கிற நேரம் முதல் பத்து நிமிடம் கிடையாது. புது மட்டை முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் பிடிக்கும். கிளப்பில் யாரிடம் என்ன மட்டை இருக்கிறது என்று பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கடன் கேளுங்கள், டென்னிஸ்காரர்கள் பணத்தைவிட மட்டையைச் சுலபமாகக் கடன் கொடுப்பார்கள். பந்துக்குப் பந்து மாற்றாமல் இரண்டு கேமுக்கு ஒரு முறை பழையதையும் இரவல் மட்டையையும் மாற்றி மாற்றி ஆடுங்கள். நண்பர் அன்பாகத் தூக்கிப் போடும் பந்தை அடித்து முடிவுக்கு வராதீர்கள். சர்வ் ரிட்டர்னையும், எட்டிப் பிடிக்கும் பேக்ஹேண்டையும், நடு நரம்பில் படாத அடிகளையும் கவனியுங்கள். ஆட்டமெல்லாம் முடிந்து கை ஓய்ந்த பிறகு, ஒவ்வொரு மட்டையாலும் குறுக்காக 20 ஃபோர்ஹேண்ட் அடித்து, சர்வீஸ் கோட்டைத் தாண்டி, பேஸ்லைனுக்குள் எத்தனை விழுந்தது என்று ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். அப்போதும் எந்த மட்டை ஆழமாகப் போடுகிறதோ அதுதான் உங்களுடையது.

உங்கள் வயதுக்கும் ஆட்டத்துக்கும் எங்கே தேடுவது என்றால், 100 சதுர அங்குலம், நரம்பு கட்டாமல் 285 முதல் 300 கிராம், பின்னல் 16-க்கு 19. பாபோலா ப்யூர் டிரைவ், யோனெக்ஸ் ஈசோன் 100 இரண்டும் 300 கிராம், இரண்டுக்கும் 285 கிராமில் தம்பிகள் உண்டு. ப்யூர் டிரைவ் விறைப்பான மட்டை, பந்து பறக்கும், கை பலவீனம் என்றால் யோசித்து வாங்குங்கள். வில்சன் கிளாஷ் 100 அதற்கு நேர் எதிர், 295 கிராம், நன்றாக வளைந்து கொடுக்கும். சிலருக்கு அந்த வளைவே பிடிக்காது, பந்து எங்கே போகிறது என்று கைக்குச் சேதி வரவில்லை என்பார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சந்தேகம். கடையில் கட்டி வந்த நரம்பு என்கிறீர்களே, ஆறு வருடத்தில் கட்டிங் எத்தனை முறை போட்டீர்கள்? டாஸ்மாக் கட்டிங் இல்லை, நரம்புக் கட்டிங், அதாவது பழைய நரம்பை எடுத்துவிட்டுப் புதியது கட்டுவது. தவில்காரர் வார் பிடிக்காமல் கச்சேரிக்கு உட்காருவதில்லை, நாம் மட்டும் தொளதொளத்த நரம்பை வைத்துக்கொண்டு ஃப்ரேமைத் திட்டுகிறோம். முதலில் பழைய மட்டைக்கே புது நரம்பு போட்டு ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். பதினைந்தாயிரம் மிச்சமானாலும் ஆகலாம். அப்புறமும் மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றினால், அந்த ஞாயிற்றுக்கிழமைச் சோதனையும் நியாயமாக இருக்கும். செத்த நரம்புள்ள பழையதையும் நேற்றுக் கட்டிய இரவலையும் பக்கத்தில் வைத்தால் ஜெயிப்பது நரம்புதான்.

கும்பகோணம் வாசகி: நல்ல மட்டைதான், 300 கிராம். நான்கு மாதமாக முழங்கையின் வெளிப்பக்கம் வலி. டபரா செட்டைத் தூக்கினால்கூடச் சுரீர் என்கிறது. கட்டிங் போட்டவர் ‘பாலி’ போட்டிருக்கிறார், நரம்பை இழுத்த டென்ஷன் 58 பவுண்டு. மட்டையை மாற்றவா?

மட்டையை இப்போதைக்கு விடுங்கள், அந்த நரம்பை அறுத்துப் போடுங்கள். 1997-ல் பிரேசிலின் குவெர்டன் பாலியெஸ்டர் நரம்போடு பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்ததிலிருந்து உலகமே அதன் பின்னால் போனது. அவரைப் போன்றவர்கள் பந்தைச் சுழற்றுகிற வேகத்துக்கு அது சரி. நமக்கு? அது விறைப்பு, அதிர்ச்சியைக் கைக்கே அனுப்பும், டென்ஷனும் சீக்கிரம் விட்டுப்போகும். விட்டுப்போன பிறகும் அறுபடாது, அதனால் நாம் மாதக்கணக்கில் செத்த கம்பியோடு ஆடுவோம். என் அளவுகோல் ஒன்றுதான். நரம்பை அடிக்கடி அறுக்கிறவருக்குத்தான் பாலி, வருடத்துக்கு ஒரு முறைகூட அறுக்காதவருக்கு எதற்கு?

மல்டிஃபிலமென்ட் என்று கேளுங்கள், நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது, மெத்தென்று இருக்கும். ஃப்ரேமின் உட்பக்கம் எத்தனை பவுண்டிலிருந்து எத்தனை வரை என்று அச்சிட்டிருக்கும், அதில் கீழ்ப்பாதியில் கட்டச் சொல்லுங்கள். 50 முதல் 60 என்றிருந்தால் 52 போதும். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறீர்களோ வருடத்துக்கு அத்தனை கட்டிங் என்பது பழைய கணக்கு, மோசமில்லை. நடுவில் செருகும் ரப்பர் சத்தத்தை மாற்றும், முழங்கைக்கு ஒன்றும் செய்யாது. கைப்பிடி சிறிதாக இருந்து இறுக்கிப் பிடிக்கிறீர்களா, பேக்ஹேண்டில் பந்தை லேட்டாக மணிக்கட்டால் வெட்டுகிறீர்களா, இரண்டையும் பக்கத்தில் ஆடுகிறவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் லேசான மட்டைக்கு மாறினால் வலி போகும் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள், லேசான விறைப்பு மட்டைதான் அதிகம் உதறும். நான்கு மாதம் என்பது நீண்ட காலம், ஆடுவதை நிறுத்திவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். டபரா செட்டை அதுவரை வீட்டில் வேறு யாராவது தூக்கட்டும்.

திருவாரூர் வாசகர்: பெண்ணுக்கு 13 வயது, ஐந்தடி உயரம், மூன்று வருடப் பயிற்சி. மச்சான் சிங்கப்பூரிலிருந்து அடுத்த மாதம் வருகிறார், என்ன மட்டை வேண்டும் என்று கேட்கிறார்.

மச்சானிடம் மாடல் பெயரை மட்டும் சொன்னால் கடையில் இருப்பதிலேயே விலை கூடியதைத்தான் வாங்கிக்கொண்டு வருவார், மச்சான்கள் அப்படித்தான். அளவைச் சொல்லுங்கள். ஐந்தடி வந்துவிட்டதால் 27 அங்குலம் பிடிக்கலாம், நரம்பு கட்டாமல் 255 முதல் 270 கிராமுக்குள், கிராஃபைட்டில். உயரத்துக்கு ஏற்ற பலம் கையில் இன்னும் வரவில்லை என்று கோச் நினைத்தால் 26 அங்குலத்திலேயே இன்னும் ஆறு மாதம் ஆடட்டும், ஒன்றும் குடிமுழுகாது.

கைப்பிடிதான் முக்கியம். உள்ளங்கையின் நடு ரேகையிலிருந்து மோதிர விரல் நுனி வரை ஸ்கேலால் அளந்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். நாலேகால் அங்குலம் வந்தால் கைப்பிடி அளவு L2, நாலேகாலும் அரைக்காலும் வந்தால் L3, நாலும் அரைக்காலும்தான் என்றால் L1. சந்தேகம் வந்தால் சிறியதை வாங்கச் சொல்லுங்கள். சிறியதை ஓவர்கிரிப் சுற்றிப் பெருக்கலாம், பெரியதைச் செதுக்க முடியாது. நரம்பு கட்டாத ஃப்ரேம் என்றால் அங்கேயே கட்டி வாங்கிவரட்டும், பாலி வேண்டாம் என்று மறக்காமல் சொல்லுங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: மட்டையைக் காரிலேயே வைத்திருக்கிறேன். தப்பா?

தப்புதான். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தால் நரம்பு சீக்கிரம் தளர்ந்துவிடும். உங்கள் ஊர் ஈரக்காற்றில் கிரிப்பும் ஊறி நாறும். ஐப்பசி, கார்த்திகையில் மண் கோர்ட்டில் ஆடினால் இன்னொரு வேடிக்கை, பந்து ஈரத்தையும் மண்ணையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கனத்துவிடும். புதுப் பந்து 60 கிராமைத் தொடாது, ஈரப் பந்து தாண்டும். அந்த மாதங்களில் எந்த மட்டையையும் சோதிக்காதீர்கள், எல்லாமே மட்டமாகத்தான் தெரியும். தை பிறக்கட்டும்.

தஞ்சாவூர் வாசகர்: நடால் வைத்து ஆடிய அதே மட்டையைக் கடையில் வாங்க முடியுமா?

அதே பெயின்டை வாங்கலாம். பெரிய ஆட்டக்காரர்களில் பலர் தங்களுக்குப் பழகிய பழைய ஃப்ரேமிலேயே புது மாடலின் பெயின்டை அடித்து ஆடுகிறவர்கள். உள்ளே ஈயமும் வைத்து இழைத்திருப்பார்கள்.

மயிலாடுதுறை வாசகர்: பரணில் தாத்தாவின் மரமட்டை கிடைத்தது, நான்கு மூலையிலும் திருகு வைத்த ஒரு மரச் சட்டத்துக்குள் இருக்கிறது. ஆடலாமா?

அந்தச் சட்டம் மட்டை ஈரத்தில் கோணிக்கொள்ளாமல் இருக்கப் போட்டது. தாத்தா மழைக்காலம் அறிந்த மனிதர். 1960-லும் 61-லும் ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனது மரமட்டையோடுதான். அதன் தலை 70 சதுர அங்குலம்கூட இருக்காது, நடுவில் படாவிட்டால் பந்து எங்கும் போகாது. அதனால் வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் அதில் அடித்தால் கண் பந்தின் மேல் நிற்கும், நானே செய்து பார்த்திருக்கிறேன். நரம்பு மிருகக் குடலில் செய்ததாக இருந்தால் பரணிலேயே எலி முடித்திருக்கும். புதிதாகக் கட்டும்போது 50 பவுண்டுக்கு மேல் இழுக்க விடாதீர்கள், பழைய மரம், விரிசல் விடும். கோர்ட்டுக்குக் கிளம்பும்போது சட்டத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள்.