ஒரே ரோபோ, மூன்று பிள்ளைகள்

கேள்வி: ஐயா, டுபாயில் இருக்கும் என் தம்பி தீபாவளிக்கு வரும்போது பிள்ளைகளுக்கு ஓடுகிற ரோபோ ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்கிறான். வீட்டில் மூன்று பேர்: சின்னவனுக்கு 4 வயது, மகளுக்கு 9, பெரியவனுக்கு 14. மூவருக்கும் பொதுவாக ஒன்று போதுமா? பேசுகிற ரோபோதான் நல்லதென்று அங்கே கடையில் சொன்னார்களாம்.
– ஒரு தாய், தலவாக்கலை

பதில்: ஒன்றே போதும். பேசுகிறது மட்டும் வேண்டாம்.

போன டிசம்பர் லீவில் அக்கா வீட்டு இஸ்தோப்பில் சின்னச் சில்லு ரோபோ ஒன்றை ஓடவிட்டோம். நாலு வயதுக்காரி, அதற்குக் குளிருமென்று தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டாள். எட்டு வயதுக்காரன் அது போகிற வழியெல்லாம் காலை நீட்டி மறித்தான். திரும்பினால் மற்றக் காலை நீட்டினான். பெரியவன் வந்த கையோடு அதைக் குப்புறப் புரட்டி, "மாமா, இதுல எத்தனை மோட்டர்?" என்றான்.

மறித்தவனை நான் ஏசவில்லை. ஜப்பானில் ஒரு கடைத்தொகுதியில் நடமாடவிட்ட ரோபோவையும் பிள்ளைகள் இப்படித்தான் மறித்தார்கள், அதுவும் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. கடைசியில், பிள்ளைகளைக் கண்டால் பெரியவர்கள் நிற்கிற பக்கம் ஒதுங்கும்படி ரோபோவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று!

ரோபோவுக்கு உணர்ச்சி உண்டென்ற எண்ணம் பள்ளிக்கூடம் போனதும் போய்விடுவதில்லை. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 9, 12, 15 வயதுப் பிள்ளைகள் 90 பேர் பேசுகிற ரோபோவொன்றோடு பழகினார்கள். விளையாட்டின் நடுவில் அதை ஓர் அறைக்குள் அடைத்தபோது, அதற்கும் உணர்ச்சி இருக்கிறதென்று பெரும்பாலானோர் சொன்னார்கள். 15 வயதுக்காரர்களிடம்தான் அது குறைவு.

பேசுகிறதை வேண்டாமென்றது இதனால்தான். அவற்றில் பலவற்றின் மூளை ரோபோவுக்குள் இல்லை, இன்டர்நெட் வழியாக எட்டும் கம்பனியின் கணினியில் (சேர்வரில்) இருக்கிறது. 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கென்று வந்த 'மொக்சி' என்ற பேசும் ரோபோ 799 டொலருக்கு விற்றது. 2024 டிசம்பரில் கம்பனி மூடப்போவதாக அறிவித்தது. இனி இது பேசாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடு பெற்றோருக்கு வந்தது. தோட்டப்பக்கம் சிக்னல் படுத்தும் பாடு வேறு.

மகளை மனதில் வைத்து வாங்கச் சொல்லுங்கள். முதுகில் அம்புக்குறி பட்டன்கள் இருந்தால் சின்னவன் அமத்தி விளையாடுவான். இன்டர்நெட் இல்லாமல், ஃபோனிலிருந்து புளூடூத் வழியாகக் கட்டளைகளை அடுக்கிக்கொடுக்க முடிந்தால் மகள் பல நாள் விடமாட்டாள். திருகாணியால் பூட்டியதென்றால் பெரியவன் எப்படியும் கழற்றுவான். கழற்றட்டும்.

சின்னவன் இருக்கிற வீட்டில் பற்றரி மூடிக்குத் திருகாணி கட்டாயம். ரிமோட்டையும் பாருங்கள், அதற்குள் இருக்கும் பட்டன் பற்றரியை (காசு போன்ற சின்ன வட்டப் பற்றரியை) விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்திலேயே உணவுக்குழாய் வெந்து போகலாம். விழுங்கினானோ என்ற சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவதெல்லாம் இங்குள்ள கடைகளைப் பற்றித்தான். டுபாய்க் கடையில் வாங்கியது பழுதானால் தம்பிதான் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். ஆகவே அங்கேயே ஓட்டிப் பார்த்து, பில்லோடு வாங்கட்டும்.

இன்னொன்று, உங்கள் வீட்டுத் தரை கறுப்புப் பொலிஷ் போட்டதா? படியில் விழாமலிருக்க சில ரோபோக்களின் அடியில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும் சென்சர் இருக்கும். கறுப்பு நிறம் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், பள்ளம் என்று நினைத்து ரோபோ நட்டநடு வீட்டில் நின்றுவிடும். பழுதென்று தம்பியோடு சண்டைக்குப் போகாமல், வெள்ளைத் துணி ஒன்றை விரித்து ஓடவிட்டுப் பாருங்கள்.