கனடா சீட்டு திருச்சில செல்லுமா?

கேள்வி: அம்மாவுக்கு சுகர் வந்து 20 வருஷமாச்சு. இப்போ கால்ல நரம்பு எரிச்சல், ராத்திரி போர்வை பட்டாக்கூட கத்துறாங்க. டொராண்டோல இருக்குற சித்தி பையன் டாக்டர் சீட்டோட கஞ்சா எண்ணெய் வாங்குறானாம், பொங்கலுக்கு வரும்போது ஒரு பாட்டில் எடுத்துட்டு வரவான்னு கேக்குறான். சீட்டு இருந்தா பிரச்சினை இல்லதானே?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம்னு இன்னிக்கே போன் போட்டு சொல்லிடுங்கம்மா. அந்த சீட்டு இங்க செல்லாது, அதுமட்டுமில்ல, கனடா சட்டப்படியே கஞ்சா கலந்த எதையும் நாட்டை விட்டு வெளிய கொண்டுபோறது குத்தம், டாக்டர் எழுதிக் குடுத்திருந்தாலும் சரி. ஏறுற இடத்துலயும் மாட்டலாம், இறங்குற இடத்துலயும் மாட்டலாம்.

இங்க இருக்குறது 1985ல வந்த என்டிபிஎஸ்ங்குற போதைப்பொருள் சட்டம். அதுப்படி செடியோட பூ, காய் இருக்குற நுனிதான் கஞ்சா, பிசினும் அதுல இருந்து எடுக்குற எண்ணெயும் சரஸ்ங்குற தடைப் பொருள் கணக்கு, ஆனா நுனி ஒட்டாத வெறும் இலையும் விதையும் இதுல வராது. வடக்க ஹோலிக்கு பாங்கு குடிக்கிறாங்களே, அது இந்த இலை விவகாரம்தான். அதுக்காக இங்கயும் இலை ஃப்ரீன்னு நெனச்சுடாதீங்க, மாநிலத்துக்கு மாநிலம் விதி வேற. சின்ன அளவுன்னாலும் 1 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 10,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும், அம்மா கால் வலிக்குன்னு சொன்னா கஸ்டம்ஸ்காரர் இரக்கப்படலாம், சட்டம் படாது.

சட்டப்படி ஒரு வழி இருக்கு. ஆயுர்வேதத்துல விஜயான்னு இதே செடியை சொல்வாங்க, சித்தாவுலயும் உண்டு, ரெண்டுலயும் இது மருந்துச் சட்ட விதிகளோட இ1 அட்டவணைல இருக்குற நச்சுச் சரக்கு, அதனால மருத்துவர் கண்காணிப்புலதான் சாப்பிடணும்னு லேபிள்லயே எச்சரிக்கை இருக்கணும். ஆன்லைன்ல விக்கிறவன் சீட்டும் கேக்காம லைசென்ஸ் நம்பரும் போடாம அனுப்புறான்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

ஆனா என்னைக் கேட்டா, இதுக்கு இவ்ளோ அலையணுமான்னுதான் தோணுது. இங்கிலாந்துல 2018 நவம்பர்லருந்து ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் கஞ்சா மருந்தை எழுதலாம்னு ஆயிடுச்சு, ஆனா அடுத்த வருஷமே எந்த சிகிச்சை குடுக்கலாம்னு அங்க வழிகாட்டுற நைஸ் அமைப்பு நாள்பட்ட வலிக்கு இதைக் குடுக்காதீங்கன்னு சொல்லிடுச்சு, ஆகுற செலவுக்கு பலன் கம்மியாம். சுகர் நரம்பு வலிக்கு ப்ரீகாபலின், டுலாக்ஸடின் மாதிரி மாத்திரைங்க இங்கயே கெடைக்குது, நியூராலஜிஸ்ட் கிட்ட ஒரு தடவ காட்டுங்க. அம்மா ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறவங்களா இருந்தா இந்த எண்ணெய் ரத்தத்தை இன்னும் நீர்க்க வச்சு வம்புல விட்டுடும்.

கேள்வி: அப்பாவுக்கு கேன்சர். டாக்டர் மார்ஃபின் எழுதிருக்காரு. பெரியப்பா அது போதை மருந்து, போலீஸ் வரும்னு பயமுறுத்துறாரு.
- ஒரு வாசகர், மதுரை

பதில்: பெரியப்பா சொல்றதுல பாதி சரி, மார்ஃபினும் அதே என்டிபிஎஸ் சட்டத்துக்குள்ளதான் வருது. ஆனா 2014ல சட்டத்தை திருத்தி மார்ஃபின் உட்பட சில வலி மருந்துகளை அத்தியாவசிய மருந்துன்னு தனியா பிரிச்சிட்டாங்க, அங்கீகாரம் வாங்குன ஆஸ்பத்திரி தாராளமா வாங்கி வச்சுக் குடுக்கலாம். சீட்டை பத்திரமா வச்சுக்கோங்க, மாத்திரையை வேற யாருக்கும் குடுக்காதீங்க. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதுக்கு மருந்தையும் அதே சீட்டுலயே எழுதச் சொல்லுங்க.