டீச்சர்கிட்ட கேளுங்க: பங்குச்சாமிக்கு எப்படி நன்றி சொல்றது?

ஜூன் மாசம் வந்தாலே எனக்கு வர்ற கடிதம் பாதி பங்குச்சாமிமாரு (கத்தோலிக்கக் கோயிலப் பாத்துக்கிற குருக்கள்) மாற்றல் பத்தித்தான் இருக்கும், இந்த தடவ இன்னும் ஜாஸ்தி. ஆகஸ்ட் 4, குருக்கள் தினம் வேற கிட்ட வருது. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன், சமையல் கேள்வியும் பரீட்சை கேள்வியும் கேட்டவங்க ஒரு மாசம் பொறுத்துக்கோங்க.

டீச்சர், எங்களுது கடற்கரை ஊரு. அஞ்சு வருசமா இருந்த பங்குச்சாமி மாறிப் போறாரு. வீட்டுக்கு ஆயிரம் ரூவா வரி போட்டு அவருக்கு தங்கச் செயின் போடணும்னு பங்குப்பேரவைல பேசி வச்சிருக்காங்க. இப்ப மீன்பிடித் தடைக்காலம், எங்க அன்பியத்துல (பக்கத்துப் பக்கத்து வீடுங்க சேந்த ஜெபக்குழு) பாதி வீட்ல கடன் வாங்கித்தான் அரிசி வாங்குறாங்க. குடுக்கலன்னா நன்றி கெட்டவங்கன்னு பேர் வந்துருமோன்னு பயமா இருக்கு. சாமி மேல எங்களுக்கு அவ்ளோ பாசம். வேற எப்படி நன்றி சொல்றது?
— அன்பியப் பொறுப்பாளர், குமரி மாவட்டம்

தங்கச்சி, முதல்ல அந்த வரிய நிறுத்துங்க. நன்றிக்கு வரி போட்டா அதுக்குப் பேரு நன்றி இல்ல, வசூல். பேரவைல சொல்ல கூச்சமா இருந்தா நேரா சாமிகிட்டயே போயி "சாமி, இப்படி ஒரு பேச்சு போகுது, எங்க வீடுகள்ல நிலம இது"ன்னு சொல்லிருங்க. அஞ்சு வருசம் உங்க ஊர்ல இருந்த மனுசனுக்கு தடைக்காலத்துல எந்த வீட்ல உல கொதிக்கும் எந்த வீட்ல கொதிக்காதுன்னு தெரியாமலா இருக்கும், அவரே வேண்டாம்னு சொல்லிருவாரு. அதுவுமில்லாம ரெண்டு பெட்டி துணியும் நாலு அட்டப்பெட்டி புஸ்தகமும் ஏத்திக்கிட்டுப் போறவருக்கு செயின் எதுக்கும்மா?

நான் ஒண்ணு சொல்றேன். எங்க அப்பா சாகக் கிடந்தப்ப ஐப்பசி மாசம், ராத்திரி ரெண்டு மணி, கரண்ட் இல்ல, மழ ஊத்துது. என் தம்பி சைக்கிள்ல சாமி பங்களாவுக்குப் போயி கதவத் தட்டுனான். அடுத்த அரை மணி நேரத்துல சாமி எங்க வீட்டுத் திண்ணைல நிக்காரு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, தல முழுக்க தண்ணி சொட்ட. சட்டப் பைக்குள்ள கைக்குட்டைல சுத்தி ஒரு சின்ன எண்ணெய்ச் சிமிழ், அது மட்டும் நனையாம இருந்துச்சு. உள்ள வந்தவரு உடனே பூசல. துண்டு கேட்டு வாங்கி கைய நல்லா துடச்சாரு, அப்புறம் ரெண்டு உள்ளங்கையும் சேத்து வச்சு தேய் தேய்னு தேச்சாரு. எதுக்கு சாமின்னு அம்மா கேட்டதுக்கு, "கை ஐஸா இருக்கும்மா, நெத்தில வச்சா அப்பாவுக்கு தூக்கிப் போடும்"னாரு. சூடு வந்த பெறகுதான் நெத்திலயும் ரெண்டு கையிலயும் எண்ணெய் பூசி ஜெபம் சொன்னாரு. வரக்காப்பி போட்டுக் குடுத்தோம், குடிச்சிட்டுப் போனாரு. காலைல ஆறு மணி பூசைக்கு மணி அடிச்சுது, அவருதான் வச்சாரு, ராத்திரி கண்ணு மூடிருக்கவே மாட்டாரு. அப்பா அன்னைக்கு மத்தியானம் போயிட்டாங்க.

அடுத்த ஜூன்ல சாமிக்கு மாற்றல் வந்துச்சு. மேடை போட்டு பதினோரு பொன்னாடை போத்துனாங்க, நான் எண்ணிக்கிட்டே உக்காந்திருந்தேன். பேசுனவங்க எல்லாரும் கோயில் காம்பவுண்டு செவரு கட்டுனது, ஜெனரேட்டர் வாங்குனது பத்தித்தான் பேசுனாங்க. அந்த கைய சூடாக்குன விஷயத்த நான் எந்திரிச்சு சொல்லிருக்கணும், சொல்லல, கூட்டத்துல எப்படி பேசுறதுன்னு உக்காந்துட்டேன். பன்னெண்டு வருசம் கழிச்சு ஒரு கல்யாண வீட்ல பாத்து சொன்னேன். அவருக்கு அந்த ராத்திரி ஞாபகமே இல்ல, எத்தன ராத்திரி எத்தன வீடோ. ஆனா அப்பா பேரக் கேட்டு பைக்குள்ள இருந்த சின்ன டைரில எழுதிக்கிட்டு, "நாளைக்கு பூசைல சொல்லுதேன்"னாரு.

அதனால நான் உங்களுக்கு சொல்றது இதான். நாப்பது ரூவாய்க்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்க, அன்பியத்துல வீடு வீடா போகட்டும். ஒவ்வொரு வீடும் சாமி தங்களுக்கு செஞ்ச ஒரே ஒரு காரியத்த மட்டும் எழுதணும். "நல்ல சாமி, நன்றி"ன்னு எழுதுனா திருப்பிக் குடுத்துருங்க. என் மகன ஐடிஐல சேக்க கூட வந்தீங்க, என் வீட்டுக்காரரு குடிச்சிட்டு அடிச்சப்ப வந்து திண்ணைல உக்காந்து ராத்திரி வர பேசுனீங்க, இப்படி எழுதணும். எழுதத் தெரியாத பாட்டிக்கு பேரப்பிள்ள எழுதட்டும். உங்க கரையில எழுத விஷயத்துக்கா பஞ்சம்? 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் அடிச்சப்ப எத்தன பேரு கடல்ல இருக்காங்கன்னே அதிகாரிங்க கையில கணக்கு இல்லாம, பங்குச்சாமிமாருதான் ஊர் ஊரா பேரும் படகும் எழுதி லிஸ்ட் போட்டாங்க, ஜனங்களோட ரோட்லயும் தண்டவாளத்துலயும் உக்காந்தாங்க. இப்ப போறவரு அப்ப உங்க ஊர்ல இல்லாம இருக்கலாம், ஆனா உங்க கரைக்கு சாமின்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

இன்னொண்ணு, யாரும் யோசிக்கிறதில்ல. சாமி தினமும் நம்ம கருத்துக்குத்தான் பூசை வைக்காரு, செத்தவங்களுக்கு, கல்யாண நாளுக்கு, பரீட்சைக்கு. அதுக்கு மேல ஞாயித்துக்கிழமையும் கடன் திருநாள்லயும் (எல்லாரும் கண்டிப்பா பூசைக்கு வர வேண்டிய திருநாள்) தன் பங்கு ஜனங்களுக்காகன்னு ஒரு பூசை கட்டாயம் வைக்கணும், காணிக்க எதுவும் வாங்காம, அது திருச்சபைச் சட்டம். நீங்க ஒரு நாள் அவருக்காக பூசைக்கருத்து எழுதிக் குடுங்க. புதுசா வர்ற சாமிகிட்ட குடுங்க, பழைய சாமி பேரப் போட்டு. வர்றவருக்கும் இந்த ஊரு எப்படிப்பட்ட ஊருன்னு புரியும்.

ஆகஸ்ட் 4 அன்னைக்கு ஏன் குருக்கள் தினம்னு கொண்டாடுறாங்க?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

அன்னைக்கு புனித ஜான் மரிய வியான்னி திருநாள்மா. பிரான்ஸ்ல லியோன் பக்கத்துல 1786ல விவசாயி வீட்ல பிறந்தவரு. அப்ப பிரெஞ்சுப் புரட்சி நேரம், சாமிமாரு ஒளிஞ்சுதான் பூசை வைக்கணும். அவரு புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குனதே ஒரு வீட்டுக்குள்ள, வெளிச்சம் தெரியாம இருக்க ஜன்னலுக்கு முன்னால வைக்கோல் வண்டிய நிறுத்தி வச்சாங்களாம். லத்தீன் சுத்தமா ஏறல, குருமடத்துல தேறவே பெரும்பாடு, எப்படியோ 1815ல குருப்பட்டம் வாங்கி 1818ல ஆர்ஸ்ங்கற குக்கிராமத்துக்கு அனுப்புனாங்க, மொத்தமே 230 பேரு சுமார். அங்கேயே 41 வருசம். போகப் போக பல ஊர்ல இருந்து ஜனங்க பாவசங்கீர்த்தனத்துக்கு (சாமிகிட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்பு வாங்குறது) வந்து குவிஞ்சு, ஒரு நாளைக்கு பதினாறு மணி நேரம் கூட அந்த பொட்டிக்குள்ளயே உக்காந்திருந்திருக்காரு. 1859 ஆகஸ்ட் 4ல இறந்தாரு, 1925ல புனிதர் பட்டம், 1929ல பதினோராம் பத்திநாதர் அவர உலகத்துல இருக்க எல்லா பங்குச்சாமிமாருக்கும் பாதுகாவலரா அறிவிச்சாரு.

எனக்கு அவரு கதைல ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. இந்தப் பொறுப்பு தனக்கு மீறுனது, எங்கயாவது மடத்துக்குப் போயி தனியா ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கலாம்னு சொல்லாம கொள்ளாம கெளம்பிப் போகப் பாத்திருக்காரு, ஒரு தடவ இல்ல, பல தடவ. ஊர் ஜனங்க மணி அடிச்சு கூடி மறிச்சு கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. சாமியாருன்னா அலுக்காதவருன்னு நெனைக்கிறோம், அவங்களும் அலுத்துப் போவாங்க, அப்ப யாராவது வந்து நீங்க எங்களுக்கு வேணும்னு சொல்லணும்.

ஈஸ்டருக்கு முந்தி வர்ற பெரிய வியாழனும் அவங்க நாள்தான். குருத்துவம் ஏற்படுத்துன நாள் அது. அந்த வாரத்துல ஆயரோட (பிஷப்) சேந்து எண்ணெய் மந்திரிக்கிற பூசைல குருக்கள் எல்லாரும் தங்க வாக்குறுதிய புதுப்பிப்பாங்க, அப்ப ஆயர் ஜனங்களப் பாத்து உங்க குருக்களுக்காக ஜெபியுங்கன்னு கேப்பாரு. முடிஞ்சா ஒரு தடவ போயி பாருங்க.

பத்தாவது படிக்கிற என் மகன், சாமிமாரு பூசை வைக்கிறத தவிர என்ன செஞ்சாங்க, எதுக்கு நன்றி சொல்லணும்னு கேக்கான். என்ன பதில் சொல்ல?
— ஒரு அம்மா, தூத்துக்குடி

பூசை வைக்கிறதே பெரிய வேலதான், அத மொதல்ல சொல்லுங்க. அப்புறம் அவன் தமிழ் நோட்ட எடுக்கச் சொல்லி 'எ'னாவும் 'ஏ'னாவும் எழுதச் சொல்லுங்க. முன்னாடி குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே வடிவந்தான், குறில்னா மேல ஒரு புள்ளி. ஓலச்சுவடில புள்ளி குத்துனா கிழியும்னு அதையும் விட்ருவாங்க, சந்தர்ப்பத்த வச்சுத்தான் படிக்கணும். அந்தக் கொழப்பத்த தீத்து இப்ப நாம எழுதுற மாதிரி மாத்துன பெரும கான்ஸ்டன்டைன் பெஸ்கிங்கற இத்தாலிக்கார சேசுசபை சாமியாருக்கு, நம்ம வீரமாமுனிவர். 1732ல சதுரகராதி தொகுத்ததும் அவருதான்.

உங்க கடற்கரை கதையவே சொல்லலாமே. புன்னக்காயல்ல இருந்த அண்டிரிக் அடிகளார், போர்த்துக்கீசியரு, நம்ம ஜனங்க பேசுற தமிழ காதால கேட்டுக் கத்துக்கிட்டு இலக்கணம் எழுதுனாரு. அவரு போட்ட தம்பிரான் வணக்கம்ங்கற புஸ்தகம் 1578ல கொல்லத்துல தமிழ் எழுத்துலயே அச்சாச்சு. யாழ்ப்பாணப் பக்கம் கரம்பன்ல பிறந்த தனிநாயகம் அடிகளார் ரோம்ல படிச்சு குருப்பட்டம் வாங்கிட்டு வடக்கன்குளம் ஸ்கூலுக்கு வேலைக்கு வந்தாரு. அவருக்கு ஏகப்பட்ட ஐரோப்பிய மொழி தெரியும், தமிழ் இலக்கியம் மட்டும் சரியா படிக்கலையேன்னு அங்க ஒரு பண்டிதர்கிட்ட உக்காந்து முதல்ல இருந்து படிச்சாரு. அதே மனுசன் முயற்சிலதான் 1966ல கோலாலம்பூர்ல முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்துச்சு.

பழங்காலம் மட்டும் இல்லன்னு தெரியணும்னா சேசுசபை சாமியாரு ஸ்டான் சுவாமி பத்தி சொல்லுங்க. திருச்சி மாவட்டத்துக்காரரு, ஜார்க்கண்ட் ஆதிவாசி ஜனங்க நிலத்துக்காக நின்னவரு. 2020 அக்டோபர்ல பயங்கரவாதத் தடைச் சட்டத்துல பிடிச்சு உள்ள வச்சாங்க, குற்றச்சாட்ட அவரு மறுத்தாரு. பார்க்கின்சன் நோய்ல கை நடுங்கும், தம்ளரப் பிடிச்சு தண்ணி குடிக்க முடியாது, உறிஞ்சு குடிக்க ஒரு ஸ்ட்ரா வச்ச கப்புக்கு கோர்ட்ல மனு போட வேண்டி வந்துச்சு. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5ல, 84 வயசுல, விசாரணைக் கைதியாவே ஆஸ்பத்திரில செத்தாரு. இத எழுதும்போது எனக்கு இப்பவும் மனசு ஆறல.

எங்க அப்பா அடக்கத்தப்ப கோயில் வரி பாக்கி இருக்குன்னு சொல்லி பொட்டிய வாசல்லயே ரெண்டு மணி நேரம் வச்சிட்டாங்க, அப்ப இருந்த சாமியும் ஒண்ணும் சொல்லல. இப்ப எல்லாரும் சாமிமாருக்கு நன்றி சொல்லுங்கன்னு சொல்லும்போது எனக்கு வாய் வரல. நான் செய்றது பாவமா?
— பெயர் வேண்டாம்

பாவம் இல்ல தம்பி. அன்னைக்கு உங்களுக்கு நடந்ததுதான் பாவம். ஏழைங்கறதுக்காக யாருக்கும் அருட்சாதனமோ முறையான அடக்கமோ இல்லாமப் போகக் கூடாதுன்னு திருச்சபைச் சட்டத்துலயே தெளிவா எழுதிருக்கு. அத ஆயருக்கு லெட்டரா எழுதுங்க, தேதி போட்டு, நடந்தது நடந்தபடி. எத்தன வருசம் ஆனாலும் எழுதலாம், உங்க அப்பாவுக்காக எழுதுங்க.

நன்றி சொல்றதுங்கறது வாய மூடிக்கிறது இல்ல. அதவிட பெரிய தப்பும் சில இடத்துல நடந்துருக்கு, பிள்ளைங்ககிட்ட தப்பா நடந்துகிட்ட ஆளுங்களும் அங்கியப் போட்டுக்கிட்டு இருந்துருக்காங்க. அப்படி ஒண்ணு காதுல விழுந்தா ஆயர் இல்லத்துக்கு சொல்றது மட்டும் பத்தாது, போலீசுக்குப் போகணும், போக்சோ சட்டம் சாமியாருக்கும் உண்டு. சாமி பேரு கெட்டுரும்னு மறைக்கிறது ஒழுங்கா உழைக்கிற மத்த சாமிமாருக்கும் செய்ற துரோகம். உங்களுக்கு வாய் வரும்போது வரட்டும், யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

நான் இந்து. என்ன ஹாஸ்டல்ல வச்சு படிக்க வச்சது ஒரு ஃபாதர். நான் இன்னைக்கு அரசு வேலைல இருக்கேன். அவரு இப்ப ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்துல இருக்காருன்னு கேள்விப்பட்டேன். போய்ப் பாக்கலாமா? அங்க எப்படி நடந்துக்கணும், என்ன வாங்கிட்டுப் போகலாம்?
— வாசகர், விழுப்புரம்

போங்க சார், அடுத்த ஞாயித்துக்கிழமைன்னு தள்ளாம இந்த வாரமே போங்க. எழுபத்தஞ்சு வயசானா பங்குச்சாமி ராஜினாமா கடிதம் குடுக்கணும், அதுக்கப்புறம் பெரும்பாலும் இந்த மாதிரி இல்லம்தான். ஆயிரம் வீட்டுக்கு சொந்தக்காரரு மாதிரி இருந்தவரு, மனைவி பிள்ளைங்க கிடையாது, கூடப் பிறந்தவங்களும் பாதிப் பேரு போயிருப்பாங்க. வாசல்ல ஒரு கார் வந்து நின்னா எல்லா ரூம்ல இருந்தும் எட்டிப் பாப்பாங்க, நான் பாத்திருக்கேன்.

நீங்க இந்துங்கறதுக்காக எந்தத் தயக்கமும் வேண்டாம். அந்தக் காலத்துல எப்படி கூப்ட்டீங்களோ அப்படியே ஃபாதர்னு கூப்டுங்க. எங்க ஆளுங்க "தோத்திரம் சாமி"ன்னு கைகூப்புவோம், நீங்க வணக்கம் சொன்னா போதும். போறதுக்கு முன்னாடி இல்லத்துக்கு போன் போட்டு நேரம் கேட்டுக்கோங்க, மத்தியானம் தூங்குவாங்க, சாயங்காலம் ஜெபமால நேரம். ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம், பாதிப் பேருக்கு சுகர். பழம் வாங்கிக்கோங்க, அவருக்கு மட்டும் இல்லாம அங்க இருக்க எல்லாருக்கும் வர்ற மாதிரி. முடிஞ்சா பெண்டாட்டி பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க.

பேரு சொன்னதும் அவருக்கு ஞாபகம் வரலன்னா மனசு விட்றாதீங்க. எந்த வருசம், எந்த ரூம், கூட யாரு படுத்தா, ராத்திரி சோத்துக்கு என்ன கொழம்புன்னு நீங்களே எடுத்துக் குடுங்க. காது மந்தமா இருக்கும், பக்கத்துல ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து சொல்லுங்க. உங்க ஹாஸ்டல் குரூப் போட்டோ இருந்தா பெருசா பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போங்க, பின்னால ஒவ்வொருத்தரும் இப்ப என்ன வேலைல இருக்காங்கன்னு பேரோட எழுதி, கொட்ட எழுத்துல.