கணக்குக் கேட்டால் சாபமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: புது ஆலயம் கட்ட மூன்று வருடமாகக் காணிக்கை எடுக்கிறார்கள். கணக்குக் காட்டச் சொன்ன என் கணவரிடம், "அபிஷேகம் பண்ணப்பட்டவனைத் தொடாதே" என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பயமாக இருக்கிறது. நாங்கள் செய்தது பாவமா? (ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: பாவமே இல்லை, சகோதரி. அவர் சொன்னது சங்கீதம் 105:15. அதற்கு முந்தின மூன்று வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். சொந்த நிலம் இல்லாமல், சொற்ப ஜனமாக ஊர் ஊராக அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபின் குடும்பத்தைத் தொடாதீர்கள் என்று ராஜாக்களுக்குக் கர்த்தர் கொடுத்த எச்சரிப்பு அது. எளியவனுக்குக் காவலாக வந்த வசனத்தை எளியவன் வாயை அடைக்கவே எடுத்துவிட்டார்கள்.

தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுல் குகையில் கையில் சிக்கியும், அபிஷேகம் பண்ணப்பட்டவன் என்று தாவீது அவனைத் தொடவில்லையே என்பார்கள். 1 சாமுவேல் 24-ஐ முழுவதும் படியுங்கள். தாவீது சவுலைக் கொல்லவில்லை, அவ்வளவுதான். குகைக்கு வெளியே நின்று, எல்லார் காதிலும் விழ, சவுல் செய்த அநியாயத்தைச் சொன்னான். சவுல் அழுத பிறகும் அவனோடு திரும்பிப் போகவில்லை. அரணான இடத்துக்கு ஏறிப்போய்விட்டான்.

எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் சேர்த்த பவுல், யாரும் கேட்பதற்கு முன்பே, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைத் தீத்துவோடு அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று காரணமும் எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 8:18–21). உங்கள் கணவர் கேட்டது அதைத்தான்.

இனி அவர் கேட்க வேண்டியவை வேறு. சபை சங்கமாகப் பதிவானதா, அறக்கட்டளையா? தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருந்தால், வருடாந்திரப் பொதுக்குழு கூட்டிக் கணக்கை வைக்க வேண்டும். பதிவாளரிடமும் தாக்கல் செய்ய வேண்டும். அறக்கட்டளை என்றால் அறங்காவலர்கள் யார்? பாஸ்டர், மனைவி, மகன் மூவர் மட்டும்தான் என்றால், "கமிட்டி முடிவு பண்ணியது" என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லை. வங்கிக் கணக்கில் உறவில்லாத இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறார்களா? வாங்கிய இடம் யார் பெயரில் இருக்கிறது? கடைசிக் கேள்விக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். பொது அறக்கட்டளையில் முறைகேடு இருந்தால், அதில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போடவும் வழி உண்டு.

கேள்வி: வேலை மாறுவது, வீடு மாறுவது, பெண் பார்ப்பது வரை செல் குரூப் (சபையின் சிறு ஜெபக் குழு) தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்கிறார்கள். கேட்காவிட்டால் "கவரிங்", அதாவது தலைவர் மூலம் கிடைக்கும் ஆவிக்குரிய பாதுகாப்பு, போய்விடுமாம். இது வேதத்தில் இருக்கிறதா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இல்லை. இந்தப் போதனை பரவிய கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1970-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில், ஊழியர் ஒருவரின் ஒழுக்கக் கேடு வெளியே வந்தது. அதைப் பார்த்துப் பயந்த பாப் மம்ஃபோர்ட், டெரிக் பிரின்ஸ், சார்ல்ஸ் சிம்ப்சன், டான் பாஷம் ஆகிய நால்வரும், இனி ஒருவருக்கொருவர் கணக்கு ஒப்புவிப்போம் என்று உடன்படிக்கை பண்ணினார்கள். பிறகு எர்ன் பாக்ஸ்டரும் சேர்ந்தார். நோக்கத்தில் குற்றம் சொல்ல முடியாது.

அது கீழே இறங்கியபோதுதான் கெட்டது. மேலே ஐவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கீழே ஒவ்வொரு விசுவாசிக்கும் ஒரு மேய்ப்பன், அவனுக்கு மேல் ஒரு மேய்ப்பன் என்று ஏணி உருவானது. தசமபாகம் மேய்ப்பனுக்குப் போனது. திருமணமும் வேலையும் அவன் சொல்லுக்குக் காத்திருந்தன. கேள்வி மேலிருந்து கீழே மட்டும் வந்தது. கீழிருந்து மேலே போக வழி இல்லை. பலர் அனுபவம் இல்லாத இளைஞர்கள், அவர்கள் கையில் இன்னொரு குடும்பத்தின் வாழ்க்கை. 1975-இல் பெரிய சர்ச்சை வெடித்தது. 1980களில் டெரிக் பிரின்ஸ் விலகினார், 1986-இல் ஐவர் கூட்டு கலைந்தது. 1989-இல் மம்ஃபோர்ட் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தொடங்கியவர்களிலேயே சிலர் விட்டுவிட்ட போதனையை நம் ஊரில் இன்னும் புது வெளிப்பாடு போலப் பேசுகிறார்கள்.

உங்கள் செல் குரூப்பில் ஒன்றைக் கவனியுங்கள். புதன்கிழமை ஜெபத்தில், கண்ணீரோடு, வீட்டுப் பிரச்சினையைச் சொல்கிறீர்கள். தலைவர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். ஞாயிறு பிரசங்கத்தில், "இங்கே ஒரு வாலிபன், தகப்பனோடு பேசாமல் இருக்கிறான் என்று கர்த்தர் காட்டுகிறார்" என்று வருகிறது. சபை ஆமென் சொல்கிறது, உங்களுக்குக் கை நடுங்குகிறது. அந்த நோட்டு யார் கைக்குப் போகிறது என்று நேரடியாகக் கேளுங்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி, ஒரு சின்ன விஷயத்துக்கு "இல்லை" சொல்வதுதான். சித்தப்பா மகள் கல்யாணம், இந்த உபவாச ஜெபத்துக்கு வர முடியாது என்று சொல்லுங்கள். "சரி, போய்ட்டு வாங்க தம்பி" என்றால் நல்லது. மறுநாள் மூன்று பேர் போன் பண்ணி, பாட்டுக் குழுவிலிருந்து பெயரை எடுத்து, ஒரு மாதம் முகம் கொடுக்காமல் இருந்தால், உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. "நாங்கள் உங்கள் விசுவாசத்திற்கு அதிகாரிகளல்ல" என்ற கருத்தில் பவுலே எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 1:24).

கேள்வி: எங்கள் பாஸ்டர் ரொம்பக் கண்டிப்பு. குடித்துவிட்டு வந்த மூப்பரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார். இதுவும் அடக்குமுறையா? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: இல்லை. அதே சட்டம் அவருக்கும் அவர் மகனுக்கும் உண்டா என்று மட்டும் பாருங்கள். மூப்பன் பாவஞ்செய்தால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது 1 தீமோத்தேயு 5:20.

கேள்வி: சபையை விட்டுப் போக முடிவு செய்துவிட்டோம். போனால் குடும்பம் சாபத்துக்குள்ளாகும் என்கிறார்கள். எப்படி வெளியேறுவது? (ஒரு தம்பதி, நாகர்கோவில்)

பதில்: "காரணமில்லாமலிட்ட சாபம் தங்காது" (நீதிமொழிகள் 26:2). அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

யாரிடமும் சொல்வதற்கு முன் ஞானஸ்நானச் சான்று, திருமணச் சான்று, பிள்ளைகளின் சான்றுகளை வாங்கி வையுங்கள். சொன்ன பிறகு பதிவேடு "காணாமல்" போவது சாதாரணமாக நடக்கிறது. திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்திருந்தால் சான்று அங்கேயே கிடைக்கும். மாதாமாதம் தானாகக் கழியும் காணிக்கையை நிறுத்துங்கள். சபையார் யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதை முதலில் முடியுங்கள்.

கடிதம் மூன்றே வரி போதும்: இன்ன தேதியிலிருந்து அங்கத்தினர் இல்லை, பெயரை நீக்கிவிடுங்கள், நன்றி. காரணம் எழுதாதீர்கள், எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு விசாரணைக் கூட்டம் வைப்பார்கள். "தனியாக வந்து பேசுங்க" என்று கூப்பிட்டால் இருவரும் சேர்ந்தே போங்கள், இல்லையென்றால் போகாதீர்கள். பிள்ளைகள் யாருக்காவது பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தால், அது சபைக்குள் பேசி முடிக்கும் காரியமே அல்ல. போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி தெரிந்தவர் புகார் சொல்லியாக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம்.

பலரையும் சபைக்குள் கட்டிப்போடுவது சாபப் பயத்தைவிட, "அப்பா இறந்தால் யார் அடக்கம் பண்ணுவார்?" என்ற கேள்விதான். அதனால் சேரப் போகும் சபையில் முதல் வாரமே கேளுங்கள்: கல்லறைத் தோட்டம் உண்டா, புதிதாகச் சேர்ந்தவருக்கு எத்தனை மாதத்தில் உரிமை, கட்டணம் எவ்வளவு? உரிமை கிடைக்க நாளாகும் என்றால், உங்கள் மாநகராட்சி அல்லது ஊராட்சியின் பொது இடுகாட்டுக்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள்.