விரைகளை மட்டும் நீக்கிக்கொள்ளலாமா?

திருநங்கையாகப் பெண் ஹார்மோன் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது, முழு அறுவை சிகிச்சைக்கு மனம் வரவில்லை, விரைகளை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம். ஆர்க்கியெக்டமி என்பது அதுதான். திருநங்கைகள் நாம் நிர்வாணம் என்று சொல்லும் அறுவை சிகிச்சை வேறு. அதில் ஆணுறுப்பும் போய்விடும்.

ஆண் ஹார்மோனில் பெரும்பகுதி விரைகளில்தான் சுரக்கிறது. அவற்றை எடுத்தபின் ஆண் ஹார்மோனை அடக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் பொதுவாகத் தேவைப்படாது. அந்த மாத்திரையால் ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எழுந்துகொண்டிருந்தேன். நிறுத்தியபின்தான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு ஹார்மோனும் இல்லாமல் போனால் எலும்பு வலுவிழக்கும். 'இனி எதற்கு மாத்திரை' என்று விட்டுவிட்ட தோழிகளைப் பார்த்துப் பதறியிருக்கிறேன்.

எடுத்த விரைகளைத் திரும்பப் பெற முடியாது. சொந்தக் குழந்தை பற்றித் துளி ஆசை இருந்தாலும் முதலில் விந்தணுவை உறைய வைத்துவிடுங்கள். அதற்காகச் சில மாதம் ஹார்மோனை நிறுத்த வேண்டி வரலாம்.

அப்புறம், பின்னாளில் பெண்ணுறுப்பு அமைத்துக்கொள்ளும் எண்ணம் உண்டா? அதற்கு விரைப்பையின் தோல் பயன்படும். தோலை வெட்டி எடுக்காமல் விடும்படி சர்ஜனிடம் முன்பே சொல்லுங்கள். விட்டாலும் அது கொஞ்சம் சுருங்கலாம்.

சிகிச்சை சிறியதுதான், பலர் அன்றே வீடு திரும்புகிறார்கள். எனக்கு ஒரு வாரம் வீக்கம் இருந்தது; துணியில் சுற்றிய ஐஸ், இறுக்கமான உள்ளாடை, தொடைக்கிடையில் சின்னத் தலையணை, இவைதான் துணை.

முன்னதாக மனநல மருத்துவரின் கடிதம் கேட்பார்கள். பணம் இடித்தால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் விசாரியுங்கள்.